லொறியில் தொங்காத தாஸிம்

பதுளை டவுனில் சைக்கிளில் பாண் விற்ற தாஸிமைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அதற்கு முன் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த மனிதனைக் கண்டாலே வயிறு எரியும். அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. எரிச்சலுக்குக் காரணமே அதுதான். ஒரு கெடுதல் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன்.

நானும் பாண்காரன்தான். பெயர் மரியநாயகம். அவர் ஒரு பேக்கரிக்கு ஓடினார், நான் இன்னொரு பேக்கரிக்கு ஓடினேன். இரண்டு பேருக்கும் ஒரே ரோடு. பதுளையிலிருந்து ஹாலிஎல, அதைத் தாண்டி மேலே ஏறினால் தோட்டங்கள். சைக்கிளின் பின்னால் மரப்பெட்டி, பெட்டிக்குள் சூடான பாண், ஹேண்டிலில் ரப்பர் ஹோர்ன். என் ஹோர்ன் சத்தத்துக்கு ஹாலிஎலவில் தூங்கும் நாய்கள் எல்லாம் எழுந்து வரிசையில் நிற்கும். அவர் ஹோர்னே அடிக்க மாட்டார். ஆனால் அவர் வருவதற்கு முன்பே பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள், "தாஸிம் நானா வாற நேரம்" என்று. எனக்கு நாய், அவருக்குப் பெண்கள். இதில் எங்கே நியாயம் இருக்கிறது?

தாஸிம் பிறந்தது பதுளை பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில். வாப்பா தையல்காரர். பிள்ளைகள் எட்டுப் பேர், சட்டை தைக்க மிஞ்சிய துணியில்தான் எட்டுப் பேருக்கும் உடுப்பு. அதனால் தாஸிமின் சிறுவயதுச் சட்டைகளில் ஒரு கை ஒரு நிறம், மறு கை வேறு நிறம் என்று கேள்வி. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தார். நான் இரண்டு. அந்த ஒரு வகுப்புக்காகவும் எனக்கு அவர் மேல் பொறாமைதான்.

வளர்ந்ததும் ஒரு வருடம் மரக்கறி லொறியில் கிளீனராக இருந்தார். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, வளைவில் இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, டயர் கழுவிய வேலை. பிறகு வெலிமடைப் பெண் றமீலாவைக் கட்டிக்கொண்டு பாண் சைக்கிளில் ஏறினார். மூன்று பெண்பிள்ளைகள். பதினாலு வருடம் அதே சைக்கிள், அதே ரோடு. பதினாலு வருடத்தில் அவர் முழங்காலில் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. என் முழங்காலைப் பார்த்தால் ஊவா மாகாணத்தின் ரோட்டு வரைபடம் தெரியும்.

எழுபத்தொன்பதாம் வருடம் வந்தபோது ரோடு மாறிவிட்டது. அதற்கு முன் அந்த ரோட்டில் ஒரு லொறி போனால் அடுத்த லொறி வருவதற்குள் ஒரு கல்யாணப் பேச்சை முடித்துவிடலாம். திடீரென்று சாமான்கள் எல்லாம் கப்பலில் வந்து இறங்கத் தொடங்கின. கூடவே ஜப்பான் லொறி, வேன், தனியார் பஸ். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரோட்டைக் கடக்க ஒருவன் காலையில் காலை வைத்தால் பின்னேரம் மறுபக்கம் போய்ச் சேருவான். சைக்கிள்காரர்களை ஒருவரும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை.

அந்த ரோட்டில் நாங்கள் எல்லோரும் ஒரு தொழில் தந்திரம் வைத்திருந்தோம். மரக்கறி ஏற்றிவர வெலிமடைக்குப் போகும் லொறிகள் காலையில் வெறுமையாக ஏறும். ஏற்றத்தில் லொறி முனகிக்கொண்டு மெதுவாகப் போகும்போது, பின்பலகையில் தொங்கும் கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொள்வோம். பிறகு பெடல் மிதிக்க வேண்டிய வேலையே இல்லை. லொறி நம்மை இழுத்துக்கொண்டு போகும். புகை மூக்கில் போகும், தூசி கண்ணில் போகும், ஆனால் கால் ராஜா மாதிரி ஓய்வெடுக்கும். பதுளையில் பாண்காரன், பால்காரன், ஐஸ்காரன் எல்லோரும் இப்படித்தான் மலை ஏறினோம்.

தாஸிம் மட்டும் தொங்க மாட்டார். ஏற்றம் வந்தால் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார். வளைவு வருவதற்கு முன்பே ரோட்டின் வெளிப்பக்கம் போய், மைல்கல் பக்கத்தில் நின்றுகொள்வார். லொறி வரும். தாஸிம் டிரைவரின் முகத்தை நேராகப் பார்த்துத் தலையில் இருக்கும் தொப்பியை ஒரு விரலால் தட்டுவார். டிரைவர் விரலைத் தூக்குவான். லொறி போன பிறகுதான் இவர் காலை எடுத்து வைப்பார். இந்தச் சம்பிரதாயம் ஒவ்வொரு லொறிக்கும். லொறிக்காரன்கள் அவரை என்னவோ அரசாங்க ஏஜண்டுத் துரை மாதிரி மதித்தார்கள். எனக்கு ஒருவனும் விரலைத் தூக்கியதில்லை. தூக்கிய ஒன்றிரண்டு பேரும் மரியாதைக்காகத் தூக்கவில்லை.

ஒரு தடவை கேட்டுவிட்டேன், எதற்கு இந்தச் சலாம் என்று. அவர் லொறியில் கிளீனராக இருந்த கதையைச் சொன்னார். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தாராம். இடது கதவுக்குக் கீழே, பக்கவாட்டில், பின் டயர் வரை ஒரு மாட்டை நிறுத்தினாலும் டிரைவருக்குத் தெரியாதாம்.

"அவன்ட மூஞ்சி எனக்குத் தெரிஞ்சாத்தான் தம்பி, என்ட மூஞ்சி அவனுக்குத் தெரியும்" என்றார். "தெரியாத எடத்துல நான் நிண்டா, நான் இல்லாத ஆள்."

நான் சிரித்தேன். உங்கள் மூஞ்சியைப் பார்த்துவிட்டுத்தான் லொறிகள் மலை ஏறப் பயப்படுகின்றன என்றேன். அவரும் சிரித்தார். கேலி செய்தால் கோபப்படாத மனிதனிடம் என்னதான் செய்வது?

இதெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். வீட்டில்தான் தாங்க முடியவில்லை. என் மனைவி றீட்டா ஹாலிஎலவுக்கு மேலே உள்ள தோட்டத்தில் பிறந்தவள். அங்கே தொழிலாளர் லயங்களுக்கு நடுவே ஒரு சின்ன அந்தோனியார் கோயில் இருக்கிறது. எங்கள் கல்யாணமும் அங்கேதான். என் சட்டையில் லொறிப் புகையைப் பார்க்கும்போதெல்லாம் றீட்டா ஆரம்பித்துவிடுவாள். தாஸிம் நானாவின் சட்டை எவ்வளவு வெள்ளை, தாஸிம் நானாவின் பாண் எவ்வளவு சூடு, தாஸிம் நானா எப்படி நேரத்துக்கு வருகிறார். மனைவி சொல்வதைக் கேட்டால் அந்த மனிதர் பாண் விற்கவில்லை, வானத்திலிருந்து மன்னா இறக்குகிறார் என்று தோன்றும். நாங்கள் வீட்டில் சாப்பிட்டது என் பேக்கரிப் பாண். அதைச் சாப்பிட்டுக்கொண்டே அவர் பாணைப் புகழ்வாள்.

அந்தக் கோயிலில் ஆனி மாதம் அந்தோனியார் திருநாள். திருநாளன்று பணிஸ் என்கிற சின்ன உருண்டை ரொட்டிகளைப் பீடத்துக்கு முன் வைத்து, ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். பிறகு தோட்டத்தில் உள்ள அத்தனை பேருக்கும் ஆளுக்கு ஒன்று. இந்துக்களும் வந்து வாங்கிப் போவார்கள். அதைக் காயவைத்து அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தால் வருடம் முழுக்கச் சாப்பாட்டுக்குக் குறை வராது என்று நம்பிக்கை. மந்திரிக்கும் முன் ஃபாதர், பணிஸ் கொண்டுவந்த கையின் பெயரைக் கேட்டு, அவருக்காகவும் குடும்பத்துக்காகவும் எல்லோரையும் செபிக்கச் சொல்வார். நாலு வருடம் அந்தப் பெயர் மரியநாயகம். வருடத்தில் ஒரு நாள், ஒரு நிமிடம், முந்நூறு பேர் வாயில் என் பெயர். என் வாழ்க்கையில் எனக்கென்று கிடைத்த ஒரே பெருமை அதுதான்.

ஐந்தாவது வருடம் கோயில் மூப்பர் சிங்கராயர் பூசை முடிந்ததும் எழுந்து, இந்தத் தடவை பணிஸை தாஸிம் கொண்டுவருவார் என்று அறிவித்தார்.

தூணைப் பிடித்துக்கொண்டேன். ஞானஸ்நானம் வாங்கி, அந்தோனியார் சுரூபத்தைத் தோளில் சுமந்தவன் நான். பணிஸ் கொண்டுவருவது மொஹிதீன் பள்ளிவாசலில் தொழுகிற தாஸிமா? மூப்பரிடம் கேட்டேன். அவர் பழைய கதையை எடுத்தார். போன வருடம் நான் லொறியில் தொங்கிக்கொண்டு வந்தபோது ஒரு குழியில் சைக்கிள் எகிறி, பெட்டி திறந்து, பாதிப் பணிஸ் ஓடைக்குள் உருண்டது உண்மைதான். மீதியைத் துடைத்துக் கொண்டுபோய் வைத்தேன். அந்தோனியார் ஒன்றும் சொல்லவில்லை. சனங்கள்தான் பல்லில் மணல் கடிபடுகிறது என்றார்கள்.

"அவரு சொன்ன நேரத்துக்கு, முழுசா கொண்டாருவாரு" என்றார் மூப்பர். "எங்களுக்கு அது போதும்."

கோயில் கமிட்டியில் யார் தாஸிமின் பெயரைச் சொன்னது என்று விசாரித்தேன். றீட்டா.

அன்றிலிருந்து திருநாள் வரை நான் தூங்கியதை மூட்டைப்பூச்சிகூடப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு யோசனை வந்தது. என் பேக்கரி முதலாளியிடம் நேர்ச்சை என்று சொல்லி முந்நூறு பணிஸ் சுடச் சொன்னேன். தாஸிம் நடந்து வருவதற்குள் நான் லொறியில் ஏறி முந்திப் போய்ப் பெட்டியைப் பீடத்துக்கு முன் வைத்துவிட்டால், வைத்த பணிஸை மூப்பர் தூக்கி வெளியே போடவா முடியும்? ஃபாதர் பெயர் கேட்பார். நான் என் பெயரைச் சொல்வேன். தாஸிம் வெளியே மரத்தடியில் தொப்பியைத் தட்டிக்கொண்டு நிற்கட்டும்.

திருநாள் ஞாயிற்றுக்கிழமை. றீட்டா கோயிலைச் சோடிக்க முதல் நாளே தோட்டத்துக்குப் போய்விட்டாள். நான் காலையில் வெள்ளைச் சட்டை போட்டேன். றீட்டா கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணி வைத்தது. கத்தி மாதிரி மடிப்பு, தொட்டால் விரல் அறுந்துவிடும்.

தாஸிம் எனக்கு அரை மணி நேரம் முன்பே புறப்பட்டுவிட்டார் என்று டவுனில் சொன்னார்கள். ஹாலிஎலவைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு வெறும் லொறி முனகிக்கொண்டு வந்தது. ஓட்டியவன் சுமனபால, வெலிமடைக்குப் போகிறவன். நான் பின்னால் பாய்ந்து கயிற்றில் கை வைத்தேன். அப்போதுதான் அந்த லொறி ஒரு மூட்டை கரியை ஊதியது. என் சட்டை ஞாபகம் வந்தது. பின்னால் தொங்கினால் கோயிலுக்குள் நான் பணிஸ்காரனாகப் போக முடியாது, அடுப்புக்கரிக்காரனாகத்தான் போக வேண்டும்.

அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாக லொறியின் பக்கவாட்டுக்குப் போனேன். இடது பக்கம், பின் டயருக்குக் கொஞ்சம் முன்னால், பலகையைக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பக்கம் லொறி, மறு பக்கம் மண் மேடு, நடுவில் நான். புகை இல்லை, தூசி இல்லை. இத்தனை வருடம் இந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் போனோமே என்று சந்தோஷப்பட்டேன்.

முன்னால் இடது பக்கம் திரும்பும் பெரிய வளைவு. வளைவின் வெளிப்பக்கம், வழக்கம்போல மைல்கல்லுக்குப் பக்கத்தில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தாஸிம். அவர் பெட்டியின் மேல் வெள்ளைத் துணி. எனக்கு ஆனந்தம். இதோ தாண்டப் போகிறேன். கையை ஆட்டலாம் என்று நினைத்தேன்.

லொறி திரும்பியது. முன் பக்கம் அகலமாகத்தான் போனது. பின் பக்கம் அந்த வழியே வரவில்லை. குறுக்கே உள்பக்கமாக வெட்டிக்கொண்டு, என்னை நோக்கி வந்தது. பக்கத்தில் போய்க்கொண்டிருந்த பலகை என் தோளில் முட்டியது. பின் டயர் என் பெடலுக்கு அருகில் சுற்றியது. அது அப்போது எனக்கு ஒரு லொறியின் டயராகத் தெரியவில்லை, பதுளை மலையே சுற்றுவது மாதிரி இருந்தது. இந்தப் பக்கம் சாய்ந்தால் டயர், அந்தப் பக்கம் சாய மண் மேடு இடம் தரவில்லை. கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

தாஸிம் அன்று தொப்பியைத் தட்டவில்லை. சைக்கிளைக் கைவிட்டார். பணிஸ் பெட்டியோடு சைக்கிள் மைல்கல்லில் சாய்ந்தது. அவர் சுமனபாலவின் முகத்துக்கு நேராக இரண்டு கைகளையும் தூக்கிக் குறுக்கே ஆட்டினார். தினமும் அந்த இடத்தில் அவரைத் தேடிப் பார்க்கிற சுமனபால அன்றும் பார்த்தான். பிறேக் போட்டான்.

என் பெட்டி டயருக்கும் மேட்டுக்கும் நடுவில் நொறுங்குகிற சத்தம் கேட்டது. பிறகு லொறி நின்றது. என் இடது முழங்கால் மண்ணில் பதிந்திருந்தது, வலது முழங்காலுக்கும் டயருக்கும் நடுவில் ஒரு பணிஸ் நுழைகிற இடைவெளி. இதில் நான் ஒரு இம்மிகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

தாஸிம் மேட்டு வழியாக ஏறி வந்து என் பக்கத்தில் குந்தினார். என் கை இன்னும் கயிற்றைப் பிடித்திருந்தது. விடச் சொன்னால் அது கேட்கவில்லை.

"விரல ஒவ்வொண்ணா எடு தம்பி" என்றார். "லொறி இனிப் போவாது. நான் சொல்லிட்டன்."

ஒவ்வொரு விரலாக அவரே பிரித்தார். சுமனபால இறங்கி வந்து, என்னைத் திட்டுவதா தூக்குவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தான். என் சைக்கிளின் முன் சக்கரம் முறுக்கு மாதிரி வளைந்திருந்தது. முந்நூறு பணிஸும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பெரிய ரொட்டியாகிவிட்டன, அதில் டயரின் பூ வேலைப்பாடு அழகாகப் பதிந்திருந்தது. சட்டையில் புகை மட்டும் இல்லை. மற்ற எல்லாம் இருந்தது.

எங்கே போகிறாய் என்று தாஸிம் கேட்கவில்லை. பெட்டிக்குள் இருந்தது பாண் அல்ல, பணிஸ் என்று பார்த்தார். திருநாளன்று முந்நூறு பணிஸை நான் எதற்காக மலைக்கு இழுத்துக்கொண்டு போகிறேன் என்பது மூன்றாம் வகுப்புப் படித்தவருக்குப் புரியாதா? குனிந்து என் சைக்கிளை நிமிர்த்தினார். அந்த நேரத்தில் ஒரு அறை கொடுத்திருந்தால் கோடி புண்ணியமாக இருந்திருக்கும்.

சுமனபால இரண்டு சைக்கிளையும் லொறியில் ஏற்றினான். தாஸிமின் பெட்டியை இறக்கிப் பார்த்தோம். நாலைந்து பணிஸ் நசுங்கியிருந்தது, மற்றவை முழுசாக இருந்தன. என்னை முன் சீட்டில் உட்காரவைத்துவிட்டு, தாஸிம் பெட்டியோடு பின்னால் ஏறிக்கொண்டார். சுமனபால ஏறுவதற்கு முன் நான் அவன் இடத்துக்கு நகர்ந்து இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். மண் மேடு தெரிந்தது, பலகையின் மூலை தெரிந்தது. கீழே என் பெட்டியின் உடைந்த பலகைகள் கிடக்க வேண்டும். இல்லை. நான் தொங்கிய இடமே அந்தக் கண்ணாடியில் இல்லை.

கோயில் வாசலில் லொறி நின்றபோது மணி அடித்துக்கொண்டிருந்தது. தாஸிம் தன் பெட்டியைத் தூக்கி என் கையில் வைத்தார்.

"நீங்க வரலையா நானா?"

"டவுன்ல பாண் கெடக்கு தம்பி, சனம் பாத்துக்கிட்டு ஈக்கும். ஒங்கட கோயில் தானே, நீயே கொண்டு வை."

அவர் சைக்கிளை இறக்கி, இறக்கத்தில் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். நான் நொண்டிக்கொண்டு உள்ளே நடந்தேன். வழிவிட்டார்கள். மூப்பர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்து, பரவாயில்லையே என்று தலையாட்டினார். இந்தத் தடவை நானே முழுசாகக் கொண்டுவந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் றீட்டா. மண்ணும் கிழிசலுமாக நான் பெட்டியோடு வருவதைப் பார்த்து முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்ணில் ஒரு பார்வை. கல்யாணத்தன்றுகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வைக்காக இன்னொரு லொறிக்கு அடியில்கூடப் போகலாம்.

பீடத்துக்கு முன் பெட்டியை வைத்துத் துணியை எடுத்தேன். ஃபாதர் தீர்த்தத் தட்டோடு வந்தார்.

"கொண்டுவந்த கை யாரோடது?"

வாசலிலிருந்து பீடம் வரை கொண்டுவந்தது நான்தான். பொய் இல்லை. என் பெயரைச் சொன்னால் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்ல வேண்டியதில்லை. முந்நூறு பேர் காத்திருந்தார்கள். என் கையைப் பார்த்தேன். கயிறு அறுத்த கோடு சிவப்பாக இருந்தது. அந்தக் கையின் ஒவ்வொரு விரலையும் பிரித்தவர் அந்த நேரம் எந்த வளைவில் எந்த லொறிக்காக நின்றுகொண்டிருந்தாரோ.

"பதுளை தாஸிமோடது ஃபாதர்" என்றேன். "நான் வாசல்ல இருந்து மட்டும்தான்."

றீட்டா தலையைக் குனிந்துகொண்டாள். ஃபாதர் பெயரை இன்னொரு தடவை கேட்டார். சொன்னேன். பிறகு கோயிலே எழுந்து நின்று தாஸிமுக்காகவும், அவர் மனைவிக்காகவும், மூன்று பெண்பிள்ளைகளுக்காகவும் செபித்தது. எனக்காகச் செபித்த நாலு வருடத்திலும் இவ்வளவு நேரம் எடுத்ததாக ஞாபகம் இல்லை. நிறுத்தி நிதானமாக, பெயரை நன்றாக உச்சரித்து. எனக்கென்றால் மரியநாயகத்தை மூன்று எழுத்தில் விழுங்கியிருப்பார்கள். ஃபாதர் தீர்த்தத்தை அள்ளித் தெளித்தார். பணிஸ்கள் பளபளத்தன. பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதால் என் மேலும் நாலு துளி விழுந்தது. நான் இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் நின்றேன்.